மூச்சுத்திணறல் அட்மிஷன் தரவு: எண் முரண்டு பிடித்தால் எங்கே பார்ப்பது

அவசர சிகிச்சைப் பிரிவின் தரவை முதன்முதலாகத் திறக்கும்போது வேலை சுலபமாகத்தான் தெரியும். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), நிமோனியா என்று வடிகட்டி, யாருக்கு என்ன மருந்து போனது, யார் வார்டுக்குப் போனார், யார் வீட்டுக்குப் போனார் என்று எண்ணினால் போதும் என்று தோன்றும். இரண்டாம் நாளே ஏதாவது ஒரு எண் முறைக்க ஆரம்பிக்கும். ஒரே இரவில் நாற்பத்தெட்டு நெபுலைசர். வருவதற்கு முன்பே ஊசி போட்டுக்கொண்ட நோயாளி. மருந்து பெற்றவர்களே அதிகம் இறந்ததாக ஒரு வரைபடம்.

இப்படி எண் முறைக்கும்போது மருத்துவக் காரணம் தேடி உடனே ஓடாதீர்கள். அந்த வரியை எழுதியது யார், எப்போது, எதற்காக என்று முதலில் கேளுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான சிக்கல்கள் அங்கேயே அவிழ்ந்துவிடும். கீழே இருப்பதை முழுதாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போங்கள்.

தொடங்கும் முன் ஒரு பழக்கம் மட்டும் வேண்டும். கைக்கு வந்த மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, ஒவ்வொரு படியிலும் எத்தனை வரிகள், எத்தனை நோயாளிகள், எத்தனை வருகைகள் என்று மூன்று எண்களைக் குறித்துக்கொண்டே வாருங்கள். எந்தப் படியில் கணக்கு உடைந்தது என்று பின்னால் தேடும்போது அந்தக் குறிப்புதான் கை கொடுக்கும்.

அறிகுறி: ஒரே ஆளுக்கு நாற்பத்தெட்டு நெபுலைசர்

கடுமையான ஆஸ்துமாவில் முதல் ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒன்றாக மூன்று முறை சால்பியூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) நெபுலைசர் வைப்பது வழக்கம்தான். அதற்கு மேலும் தொடரலாம். ஆனால் நாற்பத்தெட்டு என்றால் அது நோயாளியின் கணக்கல்ல, ஜாயின் (அட்டவணைகளை இணைக்கும் கட்டளை) போட்ட கணக்கு.

நடப்பது இதுதான். வருகை அட்டவணையில் அந்த நோயாளிக்கு ஒரு வரி. நோய் அட்டவணையில் அவருக்கு மூன்று வரிகள்: ஆஸ்துமா, ரத்த அழுத்தம், சர்க்கரை. மருந்து அட்டவணையில் எட்டு வரிகள். மூன்றையும் வருகை எண்ணை வைத்து ஒரே மூச்சில் இணைத்தால் மூன்றெட்டு இருபத்து நான்கு வரிகள் கிடைக்கும். நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு எழுதிய அட்டவணையிலிருந்து பத்து வரிகள் சேர்ந்தால் இருநூற்று நாற்பது. எங்கும் பிழைச் செய்தி வராது. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் கேட்டதைத்தான் அது கொடுத்தது.

உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. எண்ணிக்கை மிக அதிகமாக வந்த ஒரே ஒரு நோயாளியை எடுத்து, அந்த எண்ணை அவருடைய நோய் வரிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டு, நம்பக்கூடிய ஒரு எண் வந்தால் கிட்டத்தட்ட உறுதி. எட்டு நோய் வரிகள் உள்ள ஒருவருக்கு நாற்பத்தெட்டை எட்டால் வகுத்து ஆறு வந்தது என்றால், ஆறுதான் உண்மை.

இந்த இடத்தில் பலரும் ஒரு குறுக்கு வழியில் இறங்குவார்கள்: டிஸ்டிங்ட் போட்டு இரட்டிப்பு வரிகளை நீக்கிவிடுவது. எண் குறையும், மனசும் ஆறும். ஆனால் அது இன்னொரு பிழையைக் கொண்டுவந்து வைக்கும். நெருக்கடியான இரவில் நர்ஸ் மூன்று நெபுலைசரையும் வைத்து முடித்துவிட்டுக் கடைசியில் ஒரே நேரத்தில் பதிவு செய்வார். மருந்து, அளவு, நேரம் எல்லாம் ஒன்றாக இருக்கும். டிஸ்டிங்ட் அந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடும். மிகக் கடுமையான நோயாளிகளுக்குத்தான் இது அதிகம் நடக்கும் என்பதால், யாருக்கு அதிக மருந்து போனதோ அவர்களே குறைவாகப் பெற்றது போலத் தெரிவார்கள்.

சரியான முறை: ஒவ்வொரு அட்டவணையையும் முதலில் தனித்தனியாக ‘ஒரு வருகைக்கு ஒரு வரி’ என்ற நிலைக்குச் சுருக்குங்கள். மருந்து அட்டவணையிலிருந்து நெபுலைசர் எண்ணிக்கை, ஸ்டீராய்டு உண்டா இல்லையா, முதல் மருந்தின் நேரம். நோய் அட்டவணையிலிருந்து ஆஸ்துமா உண்டா, நிமோனியா உண்டா. அதற்குப் பிறகுதான் இணைப்பு. இணைத்தபின் வரி எண்ணிக்கை வருகை எண்ணிக்கையைவிட ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. பைத்தான் மொழியின் பாண்டாஸ் தொகுப்பில் மெர்ஜ் (இணைப்பு) செய்யும்போது வாலிடேட் என்று ஒரு விருப்பம் உண்டு. ஒன்றுக்கு ஒன்றுதான் பொருந்த வேண்டும் என்று அதில் சொல்லிவிட்டால், மீறல் வந்த இடத்தில் அதுவே நின்று கத்தும். ஆர் மொழியில் டிப்ளையர் தொகுப்பின் ஜாயின்களுக்கு ரிலேஷன்ஷிப் என்ற விருப்பம் அதே காவலைச் செய்யும். இரண்டையும் பலர் பயன்படுத்துவதே இல்லை, ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை.

அறிகுறி: உங்கள் அட்மிஷன் எண்ணும் மருத்துவமனையின் எண்ணும் ஒத்துப்போகவில்லை

பதற வேண்டாம். பெரும்பாலும் இரண்டு பேரும் வேறு வேறு பொருளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். அவசரப் பிரிவுக்கு வந்தது ஒரு கணக்கு. அங்கிருந்து வார்டில் சேர்த்தது வேறு கணக்கு. சேர்ந்தபின் மருத்துவர் மாறும்போதெல்லாம் புதிய வரி போடும் அமைப்புகளும் உண்டு. அங்கே பொது மருத்துவத்திலிருந்து நுரையீரல் பிரிவுக்கு, அங்கிருந்து ஐ.சி.யூ.வுக்கு என்று நகர்ந்த ஒரே நோயாளி மூன்று அட்மிஷனாகத் தெரிவார். அவருடைய முதல் இரண்டு வரிகளும் ‘உயிருடன் வெளியேறினார்’ என்று முடிந்திருக்கும். இப்படி நகர்ந்தவர்களின் இறப்பு விகிதம் காரணமே இல்லாமல் மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

ஒரு வரி முடிந்த நேரமும் அடுத்த வரி தொடங்கிய நேரமும் சில மணி நேர இடைவெளிக்குள் இருந்தால் இரண்டையும் ஒரே தங்கலாக ஒட்டுங்கள். முடிவை எப்போதும் கடைசி வரியிலிருந்து எடுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்றியதை ‘குணமாகிப் போனார்’ என்பதோடு சேர்க்காதீர்கள்.

அடையாளம் தெரியாமல் தூக்கி வரப்பட்டவருக்குத் தற்காலிக எண் போட்டிருப்பார்கள். பிறகு பெயர் தெரிந்ததும் பழைய எண்ணோடு இணைக்கப்படும், அல்லது இணைக்கப்படாமலே போகும். பேச முடியாத அளவுக்கு மூச்சுத்திணறியவர்களே இந்தக் கூட்டத்தில் அதிகம் இருப்பார்கள். ஆகவே ‘எண் பொருந்தாத வரிகளை விட்டுவிட்டேன்’ என்பது சாதாரண வாக்கியம் இல்லை.

அறிகுறி: ஆஸ்துமா எங்கே போனது?

வார்டில் பாதிப் பேர் இளைப்புக்காரர்கள், உங்கள் தரவிலோ ஆஸ்துமா கொஞ்சம்தான் என்றால் நோய்க் குறியீட்டைத் தோண்ட வேண்டும்.

நோய்களுக்கு எண் கொடுக்கும் சர்வதேசப் பட்டியலான ஐ.சி.டி.-10இல் மூச்சுறுப்பு நோய்களுக்கு ஜே00 முதல் ஜே99 வரை இடம். நிமோனியா ஜே12 முதல் ஜே18 வரை, குழந்தைகளின் பிராங்கியோலைட்டிஸ் (சிறு மூச்சுக்குழாய் அழற்சி) ஜே21, சி.ஓ.பி.டி. ஜே44, ஆஸ்துமா ஜே45. உலக சுகாதார நிறுவனத்தின் பதிப்பில் கடும் ஆஸ்துமாவுக்கு ஜே46 என்று தனி எண் உண்டு. அமெரிக்க மருத்துவப் பதிப்பில் அந்த எண்ணே கிடையாது, கடுமையை ஜே45இன் உட்பிரிவிலேயே வைத்துவிட்டார்கள். வேறு நாட்டுப் பட்டியலை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் மிகக் கடுமையானவர்களைத்தான் முதலில் தொலைப்பீர்கள்.

ஜே மட்டும் போதாது. அவசரப் பிரிவில் நோய் உறுதியாவதற்கு முன்பே குறியீடு விழுந்துவிடும். மூச்சுத்திணறல் ஆர்06.0, வீசிங் (விசில் ஒலியோடு மூச்சு விடுவது) ஆர்06.2. இவை நோயல்ல, அறிகுறி. ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா என்று எழுதப் பல டாக்டர்கள் தயங்குவார்கள், வீசிங் என்று எழுதி நிறுத்திக்கொள்வார்கள். ஐந்து வயதுக்குக் கீழே ஆஸ்துமா குறைவாகத் தெரிந்தால் முதலில் இங்கே பாருங்கள். கோவிட் யூ07.1 என்று வேறு அத்தியாயத்தில் கிடக்கிறது. காசநோய் ஏ15, ஏ16இல்.

முதல் இடத்தில் இருக்கும் குறியீட்டை மட்டும் எடுத்தால் இன்னொரு பள்ளம். நிமோனியா முற்றி ரத்தம் முழுக்கத் தொற்று பரவியவருக்கு முதல் இடத்தில் செப்சிஸ் ஏ41 வரும், நிமோனியா இரண்டாவதாகப் போகும். மூச்சு நின்றுபோகும் நிலையில் வந்தவருக்கு ஜே96 முதலிடம் பிடிக்கும். மிஞ்சுவது மிதமான நிமோனியாக்காரர்கள் மட்டும். ‘எங்கள் மருத்துவமனையில் நிமோனியா இறப்பு குறைந்திருக்கிறது’ என்று பெருமையாக ஒரு ஸ்லைடு தயாராகும். செப்சிஸ் என்று குறிக்கும் வழக்கம் கூடக்கூட அந்தப் பெருமையும் கூடிக்கொண்டே போகும்.

நான் செய்வது இதுதான். குறுகிய வரையறை (முதல் இடத்தில் மட்டும்), நடுத்தர வரையறை (எந்த இடத்திலும், அல்லது ஜே96, ஏ41 முதலில் வந்து அடுத்து நிமோனியா), அகன்ற வரையறை (அறிகுறிக் குறியீடும் சேர்த்து). மூன்றிலும் முடிவை ஓட்டிப் பார்ப்பேன். மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் நிம்மதி. காட்டாவிட்டால் அதுவே எழுத வேண்டிய செய்தி.

பிறகு சில்லறை விஷயங்கள். ஒரு கோப்பில் ஜே44.1, இன்னொன்றில் புள்ளியில்லாமல் ஜே441. பின்னால் ஒரு வெற்றிடம். சிறிய எழுத்தில் ஜே. இணைப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய ஐ.சி.டி.-9இலிருந்து பத்துக்கு மாறிய தேதியில் வரைபடத்தில் ஒரு படிக்கட்டு தெரியும். அமெரிக்கத் தரவில் அது 2015 அக்டோபர் 1.

ஐ.சி.டி.-11க்குப் போனவர்களுக்கு ஒரு தனி வேடிக்கை காத்திருக்கிறது. வைரஸ் எது என்று கண்டறியப்படாத இன்ஃப்ளூயன்சாவின் எண் 1ஈ32. கோப்பை எக்செலில் அப்படியே திறந்தால், நடுவில் இருக்கும் அந்த ஆங்கில எழுத்தைப் பார்த்து, ஒன்றுக்குப் பின்னால் முப்பத்திரண்டு பூஜ்யங்கள் என்று அது புரிந்துகொள்ளும். சேமித்துவிட்டால் போச்சு. ஒரு பருவத்தின் காய்ச்சல் நோயாளிகள் முழுக்க வானியல் எண்ணாகிவிடுவார்கள். குறியீட்டு நெடுவரிசையை எப்போதும் எழுத்துத் தரவாகவே இறக்குங்கள்.

அறிகுறி: மருந்து கொடுத்த நேரம் வந்த நேரத்துக்கு முன்னால் இருக்கிறது

மைனஸ் பன்னிரண்டு நிமிடம், மைனஸ் நாற்பது நிமிடம் என்று வரும். உடனே நீக்கத் தோன்றும். நீக்காதீர்கள், பிரித்துப் பாருங்கள்.

சில நிமிட மைனஸ் என்றால் பெரும்பாலும் கவுண்டரில் பெயர் பதிவதற்கு முன்பே உள்ளே தூக்கிப் போய்விட்டார்கள் என்று பொருள். மிகக் கடுமையானவர்கள் இவர்கள்தான். அரை மணி, முக்கால் மணி மைனஸ் என்றால் ஆம்புலன்ஸிலேயே நெபுலைசர் தொடங்கியிருக்கலாம். சரியாக ஒரு மணி நேரம் பிசகியிருந்தால், கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் அந்த ஒரு இரவைச் சோதியுங்கள். வேறு இடங்களில், அல்லது பிசகு பல மணி நேரமாக இருந்தால், இரண்டு மென்பொருள்களில் ஒன்று மட்டும் உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறதா என்று பாருங்கள். அப்போது பிசகு எல்லா வரியிலும் ஒரே அளவில் இருக்கும். சரியாக நள்ளிரவு 00:00 என்று ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தால் அங்கே நேரமே பதியவில்லை, தேதி மட்டும்தான். நாள்கணக்கில் தப்பினால் மாதமும் தேதியும் இடம் மாறியிருக்கும். அது பன்னிரண்டாம் தேதி வரைதான் மறைந்திருக்கும், பதின்மூன்றிலிருந்து காட்டிக்கொடுத்துவிடும்.

‘ஸ்டீராய்டு கொடுக்க எத்தனை நிமிடம் ஆனது’ என்பது உங்கள் கேள்வியாக இருந்தால் மைனஸ் வரிகளை ‘வருவதற்கு முன்’ என்று ஒரு தனிக் கட்டமாக வையுங்கள். சராசரி வேண்டாம், இடைநிலை எண் எடுங்கள். 1900 ஜனவரி 1 என்று ஒரு தேதி எங்காவது நுழைந்திருந்தால் சராசரியை அது ஒன்றே தின்றுவிடும்.

அறிகுறி: உடல் அளவீடுகள் உயிரோடிருப்பவருடையதாக இல்லை

இது சுலபம், அலகு வேறுபாடுதான். ஆக்சிஜன் செறிவு ஒரு வார்டில் 95, இன்னொன்றில் 0.95. உள்ளிழுக்கும் ஆக்சிஜனின் பங்கு ஓரிடத்தில் 21, ஓரிடத்தில் 0.21. காய்ச்சல் 38 என்றால் செல்சியஸ், 101 என்றால் ஃபாரன்ஹீட். ரத்தத்தின் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 6 என்றால் கிலோபாஸ்கல், 45 என்றால் மில்லிமீட்டர் பாதரசம், கிலோபாஸ்கலை 7.5ஆல் பெருக்கினால் மற்றது கிடைக்கும். பூஜ்யம் என்று இருந்தால் அது பெரும்பாலும் ‘எழுதவில்லை’.

அலகு சரியான பின்னும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கும். 98 சதவீதம் என்பது சும்மா காற்றிலா, பத்து லிட்டர் ஆக்சிஜனிலா? இரண்டையும் ஒன்றாகக் கணக்கிட்டால் முகமூடி போட்டவர்கள் எல்லாரும் ஆரோக்கியசாலிகள். அதோடு, சி.ஓ.பி.டி. நோயாளிகளில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் ஆபத்து உள்ளவர்களுக்கு இலக்கே 88 முதல் 92 சதவீதம்தான். அவர்களுக்கு 90 என்பது குறைபாடல்ல, சரியாகக் கவனித்ததன் அடையாளம். எல்லோருக்கும் 94க்குக் கீழே என்றால் சிவப்பு என்று நிறமடித்து அனுப்பும் டாஷ்போர்டுகளைப் பார்த்து நுரையீரல் டாக்டர்கள் கொதிப்பது இதனால்தான்.

அறிகுறி: ஸ்டீராய்டு பெற்றவர்கள் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு

ஆஸ்துமா முற்றி வந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட ஸ்டீராய்டு போகவில்லை என்று தரவு சொன்னால், டாக்டர்களைக் குறை சொல்லி அறிக்கை எழுதும் முன் வரிசையாக நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது பெயர். பிரெட்னிசோலோன் என்று மட்டும் தேடியிருப்பீர்கள். ஹைட்ரோகார்ட்டிசோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோன் எல்லாம் அதே வேலைக்குத்தான். கம்பெனிப் பெயர்கள், எழுத்துப் பிழைகள் தனி. சால்பியூட்டமாலையே அமெரிக்கத் தரவில் அல்பியூட்டரால் என்றுதான் காண்பீர்கள். ஏ.டி.சி. குறியீடு (மருந்துகளை வகைப்படுத்தும் எண்) இருந்தால் பிழைத்தோம்: உடல் முழுக்கச் செல்லும் ஸ்டீராய்டுகள் எச்02 குழுவில், உள்ளிழுப்பவை ஆர்03இல். பியூடெசோனைடு நெபுலைசரை உடல் முழுக்கச் செல்லும் ஸ்டீராய்டாக எண்ணிவிடாமல் இருக்கவும் இது உதவும்.

இரண்டாவது, நீங்கள் வைத்திருப்பது எழுதிக் கொடுத்த பட்டியலா, உண்மையில் கொடுத்த பட்டியலா? இரண்டும் ஒன்றல்ல. மூன்றாவது, அவசரப் பிரிவின் முதல் டோஸ் பல இடங்களில் காகிதத்தில்தான் போகிறது. மென்பொருளில் வார்டு மருந்து மட்டும் இருக்கும். நான்காவது, வருவதற்கு முன்பே வேறு கிளினிக்கிலோ ஆம்புலன்ஸிலோ போட்டிருப்பார்கள். கேஸ் ஷீட்டின் குறிப்பில் மட்டும் அது இருக்கும்.

ஆக, வரி இல்லாததை ‘கொடுக்கவில்லை’ என்று வாசிக்க முடியாது. அதே வருகையில் வேறு எந்த மருந்துமே பதிவாகவில்லை என்றால் ‘தெரியவில்லை’ என்று வையுங்கள். மற்ற மருந்துகள் ஒழுங்காகப் பதிவாகி ஸ்டீராய்டு மட்டும் இல்லையென்றால்தான் ‘இல்லை’ என்பதற்குக் கொஞ்சம் கனம் வரும்.

அளவை ஒப்பிடும்போது வெவ்வேறு ஸ்டீராய்டுகளின் மில்லிகிராமைக் கூட்டாதீர்கள். பிரெட்னிசோலோன் 5 மி.கி.க்கு ஹைட்ரோகார்ட்டிசோன் 20, மெத்தில்பிரெட்னிசோலோன் 4, டெக்சாமெத்தசோன் 0.75 என்பது வழக்கமான சமன். மாற்றாமல் கூட்டினால் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போடும் மருத்துவமனை நான்கு மடங்கு ஸ்டீராய்டு கொட்டுவதாகத் தெரியும்.

குழந்தைகளின் பிராங்கியோலைட்டிஸை இந்தக் கணக்கில் சேர்த்திருந்தால் வெளியே எடுங்கள். அங்கே ஸ்டீராய்டும் மூச்சுக்குழாய் விரிப்பானும் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அங்கே குறைவாக இருப்பதுதான் நல்லது.

அறிகுறி: மருந்து பெற்றவர்களே மோசமாகிறார்கள்

இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஏனென்றால் எந்த வரியும் தவறாக இருக்காது. மெக்னீசியம் சல்ஃபேட் ஊசி பெற்ற ஆஸ்துமாக்காரர்கள் பெறாதவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஐ.சி.யூ.வுக்குப் போகிறார்கள். தரவு சுத்தம், குறியீடு சரி, நேரம் சரி. மெக்னீசியம் ஆளைக் கெடுக்கிறதா?

இல்லை. பெரியவர்களுக்கு இரண்டு கிராம் மெக்னீசியத்தை இருபது நிமிடம் ட்ரிப்ஸில் ஏற்றுவது, நெபுலைசருக்கும் ஸ்டீராய்டுக்கும் மசியாத நோயாளிக்கு. கை மீறிப் போகிறவருக்குத்தான் டாக்டர் அந்த மருந்தை எடுக்கிறார். தீயணைப்பு வண்டி நிற்கும் வீடுகளில்தான் தீ அதிகம் என்பது போன்ற கணக்கு இது. முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் கருவிக்கும் இதே கதைதான்: சி.ஓ.பி.டி.யில் ரத்தத்தின் பி.எச். 7.35க்குக் கீழே இறங்கி, கார்பன் டை ஆக்சைடும் ஏறியிருந்தால் அதைப் போடுவார்கள். போட்டவர்களையும் போடாதவர்களையும் நேரே ஒப்பிட்டால் கருவிதான் குற்றவாளி.

செய்யக்கூடியது: மருந்துக்கு முன்பு எடுத்த அளவீடுகளை வைத்து நோயின் கடுமையை எடை போடுங்கள். வந்தவுடன் எடுத்த மூச்சு வேகம், நாடி, ஆக்சிஜன் செறிவு, டிரையேஜ் நிலை (வந்தவுடன் எவ்வளவு அவசரம் என்று தரம் பிரித்தது), முன்பு ஐ.சி.யூ.வில் இருந்த வரலாறு. டிரையேஜ் குறிப்பில் ‘ஒரு வாக்கியம் பேச முடியவில்லை’ என்று இருந்தால் அது தங்கம். மருந்துக்குப் பிறகு எடுத்த அளவீட்டை இதில் சேர்க்காதீர்கள். அது மருந்தின் விளைவையே கழித்துவிடும்.

எடை போட்டபின் இரண்டு குழுக்களும் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றனவா என்று வரைந்து பாருங்கள். மிதமானவர்களில் ஒருவருக்கும் மெக்னீசியம் போகவில்லை, மிகக் கடுமையானவர்களில் எல்லோருக்கும் போயிருக்கிறது என்றால், ஒப்பிட நடுவில் ஆளே இல்லை. எவ்வளவு நுட்பமான மாடலும் அந்த வெற்றிடத்தை நிரப்பாது. டாக்டர் கண்ணால் பார்த்தது, வெளிறிய முகம், தளர்ந்து சாயும் தலை, எந்த நெடுவரிசையிலும் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். ‘இந்தத் தரவால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது’ என்று எழுத நேர்ந்தால் எழுதிவிடுங்கள். நான் எழுதியிருக்கிறேன், வேலை போகவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு: மருந்து அநியாயத்துக்கு நன்றாக வேலை செய்வது போலத் தெரிவது. நிமோனியாவில் ஊசி ஆன்டிபயாடிக்கிலிருந்து மாத்திரைக்கு மாறியவர்கள் மிகக் குறைவாக இறக்கிறார்கள் என்று வரும். மாத்திரைக்கு மாற மூன்றாம் நாள் வரை உயிரோடு இருக்க வேண்டுமே! முதல் இரண்டு நாளில் இறந்தவர்கள் எல்லாரும் தானாகவே ‘மாறாதவர்’ குழுவில் விழுந்துவிட்டார்கள். இதற்கு மருந்து ஒரு எல்லைக் கோடு. 72ஆம் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் உயிருடன் வார்டில் இருந்தவர்களை மட்டும் எடுத்து, அதற்குள் மாறியவர், மாறாதவர் என்று பிரித்து, அங்கிருந்து முன்னோக்கிப் பாருங்கள். அப்போதும் தேறியவர்களைத்தான் மாற்றுவார்கள் என்ற முதல் சிக்கல் மிச்சம் இருக்கும், ஆனால் செத்தவர் கணக்கு ஏமாற்றாது.

அறிகுறி: வரைபடத்தில் திடீர்ப் பள்ளம் அல்லது கோபுரம்

பள்ளம் கடைசி ஒன்றிரண்டு மாதங்களில் இருந்தால் நோய் குறையவில்லை, குறியீடு போடும் வேலை இன்னும் முடியவில்லை. நீண்ட நாள் தங்கிய நோயாளிகளின் கோப்பு கடைசியில்தான் வரும். போன மாதம் எடுத்த கோப்பையும் இந்த மாதம் எடுத்ததையும் ஒப்பிட்டு, பழைய மாதங்களின் எண் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏறினால் அந்த மாதங்களை வெட்டிவிடுங்கள்.

2020இல் இருக்கும் பள்ளம் பெரும்பாலும் நிஜம். ஊரடங்குக் காலத்தில் ஆஸ்துமாவுக்கும் சி.ஓ.பி.டி.க்கும் மருத்துவமனைக்கு வந்தவர்கள் பல நாடுகளில் குறைந்தார்கள். ஆனால் அதே ஆண்டில் நெபுலைசர் பயன்பாடும் சரிந்திருந்தால் அதற்குத் தனிக் காரணம் உண்டு: நுண்துளிகள் பரவும் என்ற அச்சத்தில் பல இடங்களில் நெபுலைசரை நிறுத்திவிட்டு, ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்த இன்ஹேலருக்கு மாறினார்கள். சால்பியூட்டமால் குறையவில்லை, ‘எத்தனை முறை’ என்ற அலகு ‘எத்தனை பஃப்’ என்று மாறிவிட்டது.

கோபுரத்தைப் பார்த்ததும் வெட்டி எறிபவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் மாலைப் புயலோடு புல் மகரந்தம் கிளம்பி, ஆயிரக்கணக்கானவர்கள் அடுத்த முப்பது மணி நேரத்துக்குள் மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுகளுக்கு வந்தார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். எந்தத் தானியங்கி வடிகட்டியும் அந்த நாளைப் பிழை என்றுதான் சொல்லும். வடக்கு அரைக்கோளத்தில் செப்டம்பரில் பள்ளி திறந்ததும் குழந்தைகளின் ஆஸ்துமா ஏறுவதும் இப்படியே, வருடா வருடம் வரும் நிஜமான கோபுரம். ஒரே மருத்துவமனையில் மட்டும் கோபுரம் என்றால் மென்பொருளைச் சந்தேகியுங்கள், அக்கம்பக்கத்து எல்லா மருத்துவமனைகளிலும் என்றால் வானத்தைப் பாருங்கள்.

அறிகுறி: திரும்ப வருவோர் விகிதம் அழகாக இருக்கிறது

முப்பது நாளுக்குள் மறுபடி சேர்ந்தவர்கள் ஒரு மருத்துவமனையில் மிகக் குறைவு என்றால் இரண்டு கேள்விகள் போதும். எத்தனை பேர் இறந்துவிட்டார்கள்? எத்தனை பேர் வேறு மருத்துவமனைக்குத் திரும்பினார்கள்? இறந்தவர் திரும்ப வர மாட்டார். கீழே வகுக்கும் எண்ணில் உயிருடன் டிஸ்சார்ஜ் ஆனவர்களை மட்டும் வையுங்கள். தரவின் கடைசி முப்பது நாளில் டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்கு இன்னும் காலமே கொடுக்கவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

அறிகுறி: மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை

அப்புறம் கணினியை மூடிவிட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு, இருபது கேஸ் ஷீட்டை எடுத்துவைத்து உட்காருங்கள். பத்து விசித்திரமான எண் வந்தவர்களுடையது, பத்து சாதாரணமானவர்களுடையது. பக்கத்தில் அந்தப் பிரிவில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு முறை என் தரவில் நெபுலைசர் நேரங்களை வரைந்தபோது காலை ஏழு மணியை ஒட்டி ஒரு பெரிய குவியல் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆஸ்துமா விடியற்காலையில் மோசமாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், தரவு அதை அப்படியே காட்டுகிறது என்று விளக்கமும் எழுதிவிட்டேன். மாலை ஏழு மணிக்கு இருந்த சின்னக் குவியலுக்கு மகரந்தம், வாகனப் புகை என்று ஒரு பத்தி. அதை அந்தப் பிரிவின் மூத்த நர்ஸ் ஒருவரிடம் காட்டினேன். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சார், ஏழரைக்கு ஷிஃப்ட் மாறும். ஹேண்ட்ஓவர் கொடுக்கறதுக்கு முன்னாடி உட்கார்ந்து எல்லாத்தையும் என்ட்ரி போட்டுருவோம்.”

கேஸ் ஷீட்டில் பேனாவால் எழுதியிருந்த நேரங்களைப் பார்த்தோம். இரவு பதினொன்று, இரண்டே கால், மூன்று நாற்பது. தரவில் மூன்றும் 6:52.